தேக்குக்குப் பக்கத்தில் எந்த வெள்ளை?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டி வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு தெருவில், 1950களின் கடைசியில் கட்டிய பழைய வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு சுவர்களைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். வீட்டைத் திரும்ப எடுத்துக் கட்ட அவர் பட்ட பாட்டில் பெரும் பகுதி பணத்தைப் பற்றியதல்ல, நிறத்தைப் பற்றியது. அடுத்து வந்த கோடையில் அவர் கற்றுக்கொண்டதை எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை இன்னும் பல வீடுகளில் அதேபோன்ற பழைய தேக்குக் கதவுகள் நிற்கின்றன. வர்ணம் அடிக்க ஆள் வந்து நிற்கும் காலையில்தான் அவற்றின் தலையெழுத்து முடிவாகிறது.

வெள்ளம் மரங்களைத் தரம் பிரித்துக் காட்டியது. பின்னாளில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் போட்ட ஃப்ளஷ் கதவுகள் அடியில் ஊதிப் பெருத்து, ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. வாசல் நிலையும், கூடத்து இரட்டைக் கதவுகளும், ஜன்னல் சட்டங்களும் பெரும்பாலும் அசையவில்லை. அவற்றில் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் பாலிஷ் மட்டும் வெளுத்து, சாம்பல் பூசினதுபோல் ஆகியிருந்தது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார்: “எல்லாத்துக்கும் டார்க் பிரவுன் எனாமல் ரெண்டு கை அடிச்சிடலாம் டீச்சர், புதுசு பழசு தெரியாது.”

புறநகரில் தேக்குக்கு எமனாக வந்தது கரையான் அல்ல, இந்த ஒரு வரிதான்.

டீச்சருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். 1931-ல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் நகரத்தில் வேலை, தாம்பரத்தில் மனை என்பது சம்பளக்காரர்களுக்குக் கைகூடிய காரியமானது. அவரும் அப்படி மனை வாங்கியவர்தான். நகரத்தில் இடித்த ஒரு பங்களாவின் நிலைகளையும் கதவுகளையும் விலைபேசி, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. ஆகவே வீட்டைவிடக் கதவுக்கு வயது கூடுதல். பர்மா தேக்கு. கூடத்தின் மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை விளிம்பில் நிறுத்திச் சாய்வரிசையாகப் பதித்து, சுண்ணாம்புக் காரையில் பிடித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய தளம். அண்ணாந்து பார்த்தாலும் மரம், எதிரே பார்த்தாலும் மரம்.

அந்த மரத்தை இன்று அப்படியே வாங்கிவிட முடியாது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் வெட்டு மரத்தை முழுசாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. கடையில் தேக்கு என்று கிடைப்பதில் கணிசமானது ஆப்பிரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தது. தேக்கைத் தோட்டமாக வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி நிலம்பூரில் போட்ட தோட்டம் இன்றும் நிற்கிறது. ஆனால் இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிர்ந்த வெளிமரம் அதிகம், நிறமும் இளசு. நூறு வருஷத்து வைரம் பாய்ந்த மரத்தின் பக்கத்தில் வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

சுவர் காய மாதக்கணக்கில் ஆனது. பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட அக்கம்பக்கத்து வீடுகளில், கோடை வருவதற்குள் உப்புப் பூத்துப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. செங்கல்லுக்குள் போன தண்ணீர் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பெயின்ட் குறுக்கே நின்றால் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. டீச்சர் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காத்திருந்தார்.

சுரண்டியதில் வீட்டின் சரித்திரம் வெளியே வந்தது. மேலே வெளிர் ரோஸ் எமல்ஷன். அதற்குக் கீழே பச்சை டிஸ்டம்பர், அதற்கும் கீழே நீல டிஸ்டம்பர். எல்லாவற்றுக்கும் அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு. அந்த அடிச் சுண்ணாம்பு தெரிந்த இடத்தில், பக்கத்திலிருந்த ஜன்னல் சட்டம் திடீரென்று தெளிந்து தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு முன் அப்பா பார்த்த கூடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றியதும் அப்போதுதான்.

பின்கட்டுக் கதவில் மட்டும் எப்போதோ அடித்த பழைய எனாமல் அடுக்கடுக்காக இருந்தது. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க அவர் விடவில்லை. சரியான முடிவு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல். அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமலைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு அது விஷம். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, வழித்த சகதியைப் பழைய துணியில் அள்ளி மூட்டை கட்டினார்கள். அந்த நாட்களில் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. காஸ்டிக் சோடா போட்டு உரிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். காரம் பட்டால் தேக்கு கறுத்துப்போகும் என்பதால் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

பிறகுதான் பாலிஷ்காரர் வந்தார். எழுபதை நெருங்கியவர், சைதாப்பேட்டைப் பக்கம் தச்சுப் பட்டறைகளில் கை பழகியவர். டீச்சர் அவரை மேஸ்திரி என்றார், அவர் இவரை டீச்சரம்மா என்றார். வாசல் நிலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அடிப்பகுதியில் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டி முகர்ந்தார்.

“மஞ்சள், எண்ணெய், சூடம் எல்லாம் ஏறியிருக்கு. மரத்தோட கலரு இன்னும் யாரும் பாக்கல டீச்சரம்மா. அத மொதல்ல பாப்போம். செவத்துக்கு அப்புறம் பேசலாம்.”

வேலை முழுவதையும் நிமிர்த்தி வைத்தது இந்தப் பேச்சுதான். பெரும்பாலான வீடுகளில் முதலில் ஷேட் கார்டு வருகிறது. கடைசியில்தான் கதவை ஞாபகம் வைத்துப் பார்க்கிறார்கள். சுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மரத்தின் நிறம் ஆயிரம் வெள்ளிக்கிழமைகளில் பூசிய மஞ்சளும், ஜன்னல் வழி விழுந்த வெயிலும், கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வந்தது. எது எதற்கு இணங்க வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தார். கறுப்பாகப் பிசுக்கு வந்தது. வெள்ளம் வெளுக்கவைத்த இடத்தை எப்படிச் சரிசெய்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, நிற்காமல் ஒரே வீச்சில் இழுத்தார். சாம்பல் பூத்திருந்த இடம் கண்ணெதிரே தேன் நிறத்துக்குத் திரும்பியது. அதில் மந்திரமில்லை. பழைய பாலிஷ் என்பது அரக்கு. குசும்பா, புரசு, இலந்தை மரக் கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து எடுப்பது. ஜார்க்கண்ட்தான் இதற்குப் பேர்போன பூமி, ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அரக்குப் பூச்சில் ஈரம் ஏறினால் வெளுக்கும். ஸ்பிரிட் பட்டால் மேல்தோல் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். புதுக்காலத்து மெலமைனிலோ பாலியூரித்தேன் பூச்சிலோ இப்படிச் செய்ய முடியாது, கெட்டால் முழுசாகச் சுரண்டியே ஆகவேண்டும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வெளிக்கதவுக்குப் பாலியூரித்தேன் நல்லதுதான். உள்ளே இருக்கும் பழைய தேக்குக்கு அரக்கையே வைத்துக்கொள்வது நல்லது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

மேகம் மூடிய நாளில் அவர் பாலிஷ் போடவே மாட்டார். அரக்குத் தகட்டையும் சந்தரஸ் பிசினையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்த பாட்டிலைக் குலுக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

கூடத்துக் கதவு ஒன்றில் அடிச்சட்டம் மட்டும் இற்றிருந்தது. அதற்குப் புதுத் தேக்கு வைத்துச் சேர்த்தாக வேண்டும். புது மரத்தை இழைத்தபோது பச்சையும் பழுப்புமாக, இடையிடையே கரிய வரி ஓடித் திட்டுத்திட்டாக இருந்தது. புதிதாக அறுத்த தேக்கு அப்படித்தான் இருக்கும். சாயம் போட்டு அப்போதே நிறத்தைச் சேர்த்துவிடலாம் என்றார் தச்சர். மேஸ்திரி ஒப்பவில்லை. மரத்துண்டை மொட்டைமாடியில் வெயிலில் போட்டுவைக்கச் சொன்னார். ஏப்ரல் வெயில் பட்டுத் திட்டுகள் அடங்கி, பொன்பழுப்பு மெல்ல ஏறியது. அதற்குப் பிறகு மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு மட்டும் அரக்கில் கொஞ்சம் நிறம் கூட்டிக்கொண்டார். அன்றே சாயம் போட்டுப் பழையதோடு பொருத்தியிருந்தால், அடியில் மரம் தன்பாட்டுக்கு நிறம் மாறி, ஒரே வருஷத்தில் அந்தச் சட்டம் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.

இனி சுவர். டீச்சரின் மகன் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். பெயின்ட் கடையில் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது. கதவின் சிம்பு ஒன்றைக் கொடுத்தால் அதே நிறத்தை மெஷின் கலந்து கொடுத்துவிடும். புது அலமாரிக்கும் ஃப்ளஷ் கதவுகளுக்கும் அதை அடித்தால் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். கலந்து வாங்கி, ஒரு பலகையில் அடித்து, நிலையின் பக்கத்தில் சாய்த்துவைத்தார்கள். எண்ணின்படி நிறம் சரி. கண்ணுக்கு மட்டும் காய்ந்த களிமண் மாதிரி இருந்தது.

காரணம் எளிது. தேக்கில் ஒரு நிறம் என்று கிடையாது. வெளிர் வரியும் கருவரியும் மாறிமாறி ஓட, கருவி அதையெல்லாம் கூட்டிச் சராசரியை எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சராசரி நிறம் மரத்தின் எந்த இடத்திலும் இல்லை. போதாதற்கு, பாலிஷ் போட்ட மரத்தில் வெளிச்சம் உள்ளே இறங்கி, நாருக்குள் புகுந்து திரும்புகிறது. நாம் நகர்ந்தால் பளபளப்பும் நகர்கிறது. பெயின்டில் வெளிச்சம் மேலேயே முட்டித் திரும்பிவிடும். ஆகவே பெயின்டை வைத்து மரத்தை நகல் எடுக்கும் முயற்சி எத்தனை நல்ல கடையிலும் தோற்கும். பழைய மரத்தோடு புது வர்ணத்தைப் பொருத்துவது என்றால் ஒன்றுபோல் ஆக்குவதல்ல. மரத்தின் உள்நிறத்தில் ஒரு துளியை வர்ணத்துக்குள் கொண்டுவருவது. அலமாரிக் கதவுகள் பழுப்பைக் கைவிட்டுச் சுவரோடு சேர்ந்துகொண்டன. தேக்கு, தேக்காக மட்டும் நின்றது.

எந்த வெள்ளை என்ற கேள்விதான் அதிக நாள் எடுத்தது. இன்றைய பெயின்டில் வெள்ளை என்பது டைட்டானியம் டையாக்ஸைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. அடியிலிருப்பதை முழுதாக மறைப்பதில் டைட்டானியம் டையாக்ஸைடுக்கு நிகரில்லை. சுண்ணாம்புக்கு அந்த மறைக்கும் சக்தி குறைவு. அதனாலேயே அதன் வெள்ளை மெத்தென்று இருக்கிறது. டின்னிலிருந்து நேராக எடுத்த பளீர் வெள்ளையைத் தேக்கின் பக்கத்தில் அடித்துப் பார்த்தபோது, வெள்ளை நீலம் பாய்ந்து தெரிந்தது, மரம் அழுக்காகத் தெரிந்தது. கண் அப்படித்தான் வேலை செய்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல் இதைத் தேடித்தான் போனார். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839-ல் அதைப் பெரும் புத்தகமாக எழுதினார். தேக்கின் ஆரஞ்சுப் பழுப்பு, பக்கத்திலிருக்கும் வெள்ளையை நீலத்தின் பக்கம் தள்ளுவதும் அதே கணக்குதான்.

பெயின்டர் ஸ்டெயினர் பாட்டில்களை எடுத்தார். வெள்ளையில் மஞ்சள் ஆக்ஸைடு கொஞ்சம், கறுப்பு ஒரு சொட்டு. மஞ்சள் மட்டும் விட்டால் வெண்ணெய் நிறமாகிச் சுவர் மரத்தோடு போட்டிக்கு நிற்கும். அந்தக் கறுப்புச் சொட்டுதான் அதை அடக்குகிறது. விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சில பலகைகளில் ரெண்டு கை அடித்துக் காயவைத்தார்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும். சுவரிலேயே அடித்துப் பார்ப்பதைவிடப் பலகை மேல், ஏனென்றால் அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகலாம்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கும் பெண்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த வேலைதான் இதுவும். கடையின் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெளியே வந்ததும் பிரிந்துபோகும். வீட்டுக்குள் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். வெளிச்சம் வேண்டும் என்று நாம் மாட்டும் 6500 கெல்வின் எல்இடி நீலம் கலந்த வெளிச்சம் தருகிறது. அதில் தேக்கு உயிரிழந்து சாம்பலாகும். டீச்சர் கூடத்துக்கு 3000 கெல்வின் விளக்கு மாற்றிய இரவில், ஏற்கெனவே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பலகைதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. விளக்கைத் தீர்மானிக்காமல் வர்ணத்தைத் தீர்மானிப்பது வீண் வேலை. வெயிலுக்கும் கணக்கு உண்டு. தாம்பரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். அந்த நாட்களின் மதியத்தில் வெயில் உள்ளே வராது, தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் மட்டும்தான் வரும். தரை சிவப்பு ஆக்ஸைடு என்றால் சுவரும் சிவப்பில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆகவே பலகையைக் காலையிலும் மதியத்திலும் விளக்கேற்றிய பிறகும் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டுக்குப் போய் தட்சிணசித்ராவைப் பார்த்துவிட்டு வந்தார் டீச்சர். 1996-ல் திறந்த அந்த வளாகத்துக்குத் திட்டம் வரைந்தவர் லாரி பேக்கர். இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு எல்லாம் இருக்கின்றன. பழைய மரம், புதுச் சுவர் என்ற அவருடைய கேள்வியை ஊர் ஊராக, பெரிய அளவில் சந்தித்த இடம் அது. தூண்களின் பக்கத்தில் நின்று, சுவரின் வெள்ளை எங்கே முடிந்து மரம் எங்கே தொடங்குகிறது என்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்கும்போது கண் முதலில் போனது மரத்துக்கு. சுவர் இருந்ததே தெரியவில்லை. கூடம் அப்படி இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மேல்தளம் எளிதாகத் தீர்ந்தது. தேக்குக் கட்டைகளுக்கு இடையிலுள்ள பாகங்களுக்குச் சுண்ணாம்பையே அடித்தார்கள். காரைக்கு மூச்சுவிட வழி வேண்டும், அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற பூச்சு கூடாது. ஜன்னல் கம்பிகள்தான் கண்ணை உறுத்தின. காலங்காலமாக அலுமினியம் பெயின்ட் அடித்து வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தன. மரத்தின் மிகக் கருமையான வரியைப் பார்த்து அந்த நிறத்துக்கு, ஏறக்குறையக் கறுப்பான பழுப்புக்கு, கம்பிகளைக் கொண்டுவந்தார்கள். பளபளப்பு இல்லாத பெயின்ட். காணாமல்போன பித்தளைத் தாழ்ப்பாளும் கொண்டிகளும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தன. புதுப் பித்தளையைப்போல் அவை மின்னாததால் தனியாகப் பழசாக்க வேண்டிய வேலையும் இல்லை.

டீச்சர் வீட்டைப் பார்த்த அவருடைய தம்பி மகன், செம்பாக்கத்தில் தான் வாங்கிய ஃபிளாட்டுக்கும் அதே கலவையைக் கேட்டான். ஸ்டெயினர் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போனான். டீச்சர் கூடவே போய்ப் பார்த்தார். அங்கே நிலைகள் படாக். அறுக்கும்போது செக்கச் சிவந்திருக்கும் மரம், வெளிச்சத்தில் வருஷம் போகப் போகப் பழுப்பாகிறது, ஆனால் உள்ளே சிவப்பு விடுவதில்லை. தேக்குக்கு இணங்கிய அந்த மஞ்சள் சேர்ந்த வெள்ளை அதன் பக்கத்தில் நோய் பிடித்ததுபோல் இருந்தது. கடைசியில் சாம்பல் ஓடிய வெள்ளைக்குப் போனார்கள். சமையலறைக் கதவு வேங்கை. அதற்கு எது என்று இன்னும் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.